கல்வெட்டில் இடம்பெறாத கடிதம்

பத்திரிகைத் தொழிலில் நான் செவ்வை பார்த்த மரண அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. இறந்தவர் ஆணாயின் படிப்பு, பதவி, பொதுப்பணி யாவும் இடம்பெறும். பெண்ணாயின் இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் அருமைத் தாயார் என உறவுமுறைகளே நீளும். அவர் யார் என்ற கேள்விக்கு அங்கு விடை இராது. பல்லாண்டுகளாக நான் அந்த அறிவித்தல்களில் எழுத்துப் பிழைகளை மட்டுமே தேடினேன்.

என் பெரியம்மா காலமானபோது, அந்தியேட்டிக்கான கல்வெட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவரது றங்குப் பெட்டியில், கூறைச் சேலையின் மடிப்புக்குள், பழுப்பேறிய கடிதமொன்று இருந்தது. ஆசிரிய கலாசாலைக்கு அவர் தெரிவாகியிருந்ததை அறிவித்து 1950களில் வந்த கடிதம் அது. "அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்பதே எங்கள் குடும்பத்தில் வழங்கிவந்த கதை. அக்கதை சொல்லப்பட்ட வேளைகளில் பெரியம்மாவும் அருகில் இருந்திருக்கிறார். ஒருநாளும் மறுத்ததில்லை.

கடிதத்தைக் கண்ட அவரது மகள் அழவில்லை. "எனக்கும் இதுதானே நடந்தது" என்றார். 1980களில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்த நிலையில், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மணமுடித்து அனுப்பப்பட்டவர் அவர். அத்திருமணத்தை முன்னின்று பேசி முடித்தவர் வேறு எவருமல்லர், பெரியம்மாவே! கனடாவில் பிறந்த பேர்த்தி கேட்டாள்: "அம்மம்மா ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?"

பதில் மூத்த மகனிடமிருந்து வந்தது. "இதைக் கல்வெட்டில் போட வேண்டாம். அம்மப்பாவின் பெயர் கெட்டுவிடும்." நானும் போடவில்லை. 'பொறுமையின் சிகரம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் 'பொறுமை' என்ற சொல்லின் மீதே இன்று குற்றஞ்சாட்டுகிறேன். வாயடைக்கப்பட்ட ஒருவரை நாம் பொறுமைசாலி என்று புகழ்கிறோம். அப்புகழினால் நன்மை அடைந்தவர் யார்? மறைக்கப்பட்டது அவரது ஆசை. காப்பாற்றப்பட்டதோ அதை மறுத்தவரின் கௌரவம்.

1706-07இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சீதனம் பெண்வழியே இறங்கும் மரபைப் பதிவு செய்தது. அதைக் காட்டி, யாழ்ப்பாணப் பெண்ணுக்குக் காணியும் வீடும் உண்டு என்று பெருமை பேசுவோர் பலர். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமோ, தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்ற மனைவிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. உறுதிக்கு வேண்டியிருந்த அதே சம்மதம், எழுதப்படாத சட்டமாக, அவள் வாய்க்கும் வேண்டியிருந்தது. காணியோடு மௌனமும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியது.

"இறந்தவரின் அந்தரங்கத்தைக் கிளறலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஒரு பெண் தானே விரும்பிக் காக்கும் இரகசியம் அவளுக்கே உரியது. அதைத் தொட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பெரியம்மாவின் கடிதம் அத்தகையதா? மறைக்க விரும்பியவர் அதை அடுப்பில் போட்டிருப்பார். அவரோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூறைச் சேலைக்குள் வைத்துக் காத்தார். எவரேனும் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடும். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நானே கேட்கவில்லையே!

உங்கள் தாயாரும் பெரியம்மாவும் உயிருடன் இருப்பின் இப்போதே கேளுங்கள். கல்வெட்டு அச்சாகும்வரை காத்திராதீர்கள். அவர்கள் சொல்ல மறுத்தால் அதையும் மதியுங்கள். சொன்னால், குடும்ப மானத்தின் பெயரால் இடைமறிக்காதீர்கள்.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுவது எங்கள் தொழில் மரபு. என் திருத்தம் மிகவும் பிந்திவிட்டது. மகளின் சம்மதத்துடன் இங்கே பதிகிறேன்: பெரியம்மாவுக்குப் படிப்பில் நாட்டமிருந்தது. அவர் ஆசிரிய கலாசாலைக்குத் தெரிவானவர். போக விடவில்லை.