ரசீது வேறு, குத்தகை வேறு

நாம் குடியிருக்கும் மண் யாருடையது? மாநகராட்சியினுடையதா, மாநில அரசினுடையதா, ரயில்வேயினுடையதா? இதற்கு விடை தெரியாமலே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். "ரேஷன் கார்டு உண்டு, போட்டோ பாஸ் உண்டு, கரண்டு பில் உண்டு, நம்மை யார் அசைக்க முடியும்?" என்கிறார்கள் நம்மவர்கள்.

அசைத்திருக்கிறார்களே! 1976இல், நெருக்கடி நிலையின்போது, மும்பை ஜனதா காலனி இடிக்கப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் முன்னின்று போராடியும், தமிழர் உள்ளிட்ட அம்மக்கள் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டார்கள். 2025 ஜூனில் டெல்லி ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 215 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்றார்கள். அந்த வீடும் எங்கே? நகரின் மறுகோடியில், நரேலாவில்!

பிழைப்புரிமையும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆக, கையிலுள்ள அட்டை மாற்றிடம் கேட்க உதவும். இருக்கும் இடத்தைக் காக்க அது போதாது.

காப்பது குத்தகைப் பத்திரம். மும்பைக் குடிசைச் சீரமைப்பு விதிகளைப் பாருங்கள். அரசு, மாநகராட்சி நிலங்களைக் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு 30 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். பின்னர் மேலும் 30 ஆண்டு புதுப்பிக்கலாம். 4000 சதுர மீட்டருக்குக் குத்தகைப் பணம் 1001 ரூபாய். மத்திய அரசின் ரயில்வே நிலத்தில் வாழ்வோருக்கோ இந்த வழி எளிதில் திறப்பதில்லை. அதே ரயில்வே நிலம் பெரிய கட்டட நிறுவனங்களுக்கு 99 ஆண்டு வரை குத்தகைக்குப் போவதை ரயில்வே ஊழியர்களான நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முதலாளிக்கு 99 ஆண்டு தரலாம், தண்டவாளம் போட்டவனுக்கு 30 ஆண்டு தரலாகாதா?

பொது நிலத்தைத் தாரை வார்ப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். குத்தகையில் நிலம் அரசிடமேதான் இருக்கும். நாம் இனாம் கேட்கவில்லை. வாடகை கட்டி, மானத்தோடு வீடு கட்டிக்கொள்ள உரிமை கேட்கிறோம்.

ஆனால் தோழர்களே, சங்கம் பில்டரின் கைப்பையில் கிடந்தால் குத்தகையும் அங்கேதான் கிடக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. பத்திரம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்த பிள்ளையை உட்கார வைத்து வரிவரியாகக் கேளுங்கள். கணவன் பெயரோடு மனைவி பெயரையும் உறுப்பினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள், கணக்கு கேளுங்கள்.

புல்டோசர் வந்த பிறகு தலைவர்களைத் தேடி ஓடுவதைவிட, இந்த மாதமே நம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து எழுதி வைப்போம். போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.