‘போலாம் ரைட்’ சொல்றது யாரு?

ஏனுங்க மக்களே, கல்ச்சுரல்ஸ் வீடியோவுல ஒரு டாப் ஆங்கிள் ஷாட் இல்லேன்னா கெத்தே போச்சு... கரெக்ட்டா? எங்க கேங்கும் ட்ரோனைத் தூக்கிட்டு கிரவுண்டுக்குக் கிளம்பிடுச்சு. “2 கிலோவுக்குள்ளதான் மச்சி. காசு வாங்காம பறக்கவிட்டா பைலட் சான்றிதழே வேணாம்!”னு ஒருத்தன். 2021 ட்ரோன் விதிகளும் அப்படித்தான் சொல்லுது. ஆனா, சான்றிதழ் வேணாம்னா வானமே நம்மளுதுன்னு அர்த்தமில்லீங்க!

‘டிஜிட்டல் ஸ்கை’ மேப்பைப் பாருங்க. பச்சைன்னா 400 அடி வரை ஓகே. மஞ்சள்னா விமானக் கட்டுப்பாட்டு அறையோட அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசே அனுமதிக்கணும். ஏர்போர்ட் சுவர்ல இருந்து 8 கி.மீ.க்குள்ள பச்சையே கிடையாது. 8 முதல் 12 கி.மீ. வரைன்னா 200 அடியோட ஸ்டாப்! நம்ம ஏர்போர்ட் இருக்கிறது பீளமேட்டுல. காலேஜுங்க வரிசை கட்டி நிக்கிறதும் அதே பீளமேட்டுல! சூலூர்ல விமானப்படைத் தளம் வேற.

விளையாட்டில்லை பாஸ். 2018 டிசம்பர்ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல, ட்ரோனைப் பார்த்ததா சொன்னதுக்கே சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டுச்சு. நாளைக்கு இங்கே இறங்குற விமானத்துல உங்க அண்ணனே வரலாம்!

நாங்க ஹாஸ்டல் மொட்டைமாடியில ஏறி நின்னு ஷூட் பண்ணிட்டோம். ஷாட் சூப்பர்! பஸ்ஸுக்கு கண்டக்டர் விசில், ட்ரோனுக்கு மேப். அது ‘போலாம் ரைட்’ சொன்னா மட்டும் மேலே அனுப்புங்க!