மலையேறுமுன் ஒரு கணக்கு

புதிதாக வாகனம் வாங்குவோர் அதனைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். ஒரு காலத்தில் மாட்டுவண்டியும் மிதிவண்டியும் வந்தன. பின்னர் ஸ்கூட்டரும் ஆட்டோவும் டிராக்டரும் வந்தன. இன்று ஓசையின்றி வந்து நிற்கும் மின்சாரக் கார்களும் அவ்வரிசையில் சேர்ந்துவிட்டன. தீர்த்தம் தெளித்து முடிந்ததும், வண்டி வாங்கிய இளைஞன் பெருமிதத்தோடு நிற்பான், அவனுடைய தாயோ மெல்ல நம் அருகில் வந்து, "சாமி, ஊருக்குள்ளே ஓட்டுவதில் பயமில்லை. தூரப் பயணம் போகிறேன் என்கிறான். நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?" என்பார்.

இக்கேள்வி நகைத்துத் தள்ளத்தக்கதன்று. பெட்ரோல் வண்டி வழியில் நின்றுவிட்டால், போகிற மோட்டார் சைக்கிளில் ஏறிச் சென்று ஒரு கேனில் வாங்கி வரலாம். மின்சாரத்தை அவ்வாறு கேனில் ஏந்தி வர இயலாது. நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியரின் கதையை நினைத்துப் பாருங்கள். அங்கே எண்ணெயைப் பகிர்ந்து கொள்ளவும் முடியவில்லை. நள்ளிரவில் கடை தேடிச் சென்று திரும்புவதற்குள் கதவும் அடைபட்டுவிட்டது. மின்வண்டிக்காரருடைய நிலைமையும் ஏறத்தாழ அதுதான்.

எனினும் அஞ்சி ஒதுங்கவும் வேண்டுவதில்லை. பெட்ரோல் வண்டியின் முதல் நெடும்பயணமும் இவ்வாறே தொடங்கிற்று. 1888 ஆகஸ்டில் செருமனி நாட்டுப் பெண்மணி பெர்த்தா பென்ஸ், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், 15 வயதும் 13 வயதுமான இரு மைந்தரை ஏற்றிக்கொண்டு, மன்னைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். வழியில் பெட்ரோல் நிலையம் என்று ஒன்றும் இல்லை. வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்படும் திரவத்தை வாங்கி ஊற்றித்தான் பயணத்தைத் தொடர்ந்தார். அடைத்துக்கொண்ட எரிபொருட் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். அப்பெண்மணியின் துணிவைப் பாராட்டுவோர், வழியில் எது எங்கே கிடைக்கும் என்று அவர் அறிந்திருந்த விவேகத்தையும் சேர்த்தே பாராட்டவேண்டும்.

நம் நாட்டிலோ நிலைமை விரைந்து மாறி வருகிறது. 2020 சனவரியில் டாட்டா நிறுவனத்தின் நெக்ஸான் மின்வண்டி விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு உடையது; 2024-இல் 45 யூனிட் பேட்டரி கொண்ட வகை வந்தது. 2025-இல் தூத்துக்குடியிலேயே வியட்நாமிய நிறுவனம் ஒன்றின் மின்வண்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆகவே இவ்வண்டிகள் இனி நம் குடும்பங்களுக்கு அந்நியமானவையாக இரா. கிலோவாட் மணி என்று வண்டிக்காரர்கள் சொல்வது, நம் வீட்டு மின்மீட்டரில் ஓடும் அதே யூனிட்டுதான் என்பதை மட்டும் மனத்தில் கொண்டால், எந்த இல்லத்தரசியும் இக்கணக்கைப் போட்டுவிடலாம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்வோம். மகன் 45 யூனிட் பேட்டரி உடைய மின்சார எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினான். முதல் நெடும்பயணமாகத் தாய் தந்தையர், மனைவி, குழந்தை ஆகியோரைத் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கு, சலேத் மாதா திருவிழாவிற்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வண்டியின் சான்றிதழிலோ 489 கிலோமீட்டர் என்று இருந்தது. "போய்த் திரும்பியே வந்துவிடலாம் அப்பா, எங்கும் நிற்க வேண்டியதில்லை" என்றான் மகன்.

தந்தை மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறுத்துப் பேசவில்லை. நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார்.

சான்றிதழில் உள்ள தூரம் பொய்யன்று. ஆனால் அது சோதனைக் கூடத்தில், உருளைகளின்மேல், வகுத்த வேகத்தில் ஓட்டிக் கண்ட தூரம். நாற்கரச் சாலையில் காற்று எதிர்த்து நிற்கிறது. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். ஐந்து பேர், பெட்டிகள், குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்தால் ஒரு யூனிட்டுக்கு ஆறு அல்லது ஆறரை கிலோமீட்டர் கிடைத்தாலே நிறைவு. ஆக 200 கிலோமீட்டருக்கு 31 யூனிட்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. மலை இருக்கிறது. ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரம் தூக்க ஒரு யூனிட் வேண்டும். இது எந்த நிறுவனத்தாலும் மாற்ற இயலாத இயற்கை விதி. ஆட்களோடும் பெட்டிகளோடும் வண்டியின் எடை இரண்டு டன்னை நெருங்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம். ஆகவே ஏறுவதற்கென்றே தனியாக 10 யூனிட். முப்பத்தொன்றும் பத்தும் நாற்பத்தொன்று. பேட்டரியில் மிஞ்சுவது நான்கே யூனிட்!

"தம்பி, இந்த நாலு யூனிட்டை நம்பி உன் அம்மாவை இருட்டில் மலைமேல் ஏற்றுவாயா?" என்று கேட்டுத் தாளை நீட்டினார். தாய் நீரிழிவு நோயாளி. வேளை தவறாமல் ஊசி போட்டு உண்ண வேண்டியவர். மகன் தாளைப் பார்த்தான்; பேசாமல் திண்டுக்கல்லில் மின்னேற்றும் நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்று கைப்பேசியில் தேடத் தொடங்கினான். ஒன்றுக்கு இரண்டாகக் குறித்துக்கொள்ளும்படி தந்தை சொன்னார்.

அவ்வாறு சொன்னது நல்லதாயிற்று. திண்டுக்கல்லில் முதல் நிலையத்தை அடைந்தபோது அங்கிருந்த கருவி பழுது. பேட்டரியில் 29 யூனிட் இருந்தது. இனி 95 கிலோமீட்டருக்கு 15, ஏற்றத்திற்கு 10, ஆக 25. "போதும் அப்பா, ஏறிவிடலாம்" என்று மகன் மறுபடியும் சொன்னான். தந்தை இசையவில்லை. சில கிலோமீட்டர் விலகி இரண்டாம் நிலையத்திற்குச் சென்றார்கள். அங்கே முன்னால் ஒரு வண்டி. காத்திருந்து, மின்சாரம் ஏற்றி, 39 யூனிட்டோடு புறப்பட ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. அதற்குள் தாய் நேரத்தோடு உணவு உண்டார். குழந்தை மரத்தடியில் ஓடி விளையாடியது. ஓட்டுகிறவனும் கால் நீட்டி இளைப்பாறினான்.

அன்று மாலை பெருமாள்மலைக்குக் கீழே போக்குவரத்து நெருக்கடி. திருவிழாக் காலத்தில் மலைப்பாதையில் இது புதிதன்று. வண்டிகள் அசையாமல் நின்றன, பனி இறங்கிற்று. கையிருப்பு இருந்தமையால் கண்ணாடிகளை ஏற்றி, உள்ளே இதமான வெப்பம் வைத்து, தாய்க்குப் போர்வை போர்த்திவிட்டு அமைதியாக அமர்ந்திருந்தார்கள். கொடைக்கானலை அடைந்தபோது 12 யூனிட் மிச்சம். திண்டுக்கல்லில் நில்லாமல் வந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமும் அக்குடும்பம் எத்தகைய அச்சத்தில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறங்கும்போது அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. மின்வண்டி இறக்கத்தில் ஓடும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைத் தடுத்து, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. சில வேளை ஏறத்தாழச் செலவே இன்றி அடிவாரம் வந்து சேரலாம். ஆனால் பேட்டரி முழுவதும் நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்தை ஏற்க அதற்கு இடமிராது. தடுக்கும் ஆற்றல் குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். ஆகவே மலையுச்சியில் எண்பது விழுக்காட்டுக்குமேல் ஏற்றாமல் இறங்குவதே பாதுகாப்பு. சமவெளியில் முழுவதும் நிரப்பு. மலையில் சற்றே குறைத்து நிரப்பு.

மின்னேற்றும் நிலையங்களிலும் ஒரு நாகரிகம் உண்டு. எண்பது விழுக்காட்டிற்குப் பின் மின்சாரம் ஏறும் வேகம் தளர்ந்துவிடும். பின்னால் வரிசை நிற்கும்போது நூறு ஆகட்டும் என்று இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பிறர் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும். மின்னேறும் வண்டியை விட்டுவிட்டுத் தொலைவில் உணவருந்தச் செல்பவர் தம் கைப்பேசி எண்ணைக் கண்ணாடியில் வைத்துச் செல்லட்டும்.

உறவினர் வீட்டில் தங்குவோருக்கும் ஒரு சொல். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் இரவு பத்து மணி நேரம் செருகி வைத்தால் ஏறத்தாழ 30 யூனிட் ஏறும். எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று அறிந்த பின்னரே செருக வேண்டும். நீட்டிப்பு ஒயரில் ஒருபோதும் செருகலாகாது. அம்மின்சாரம் அவர்கள் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது என்பதையும் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். விருந்தாளியின் வண்டியால் அவ்வெல்லையைக் கடந்த வீட்டார் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நாமே கேட்டு, இசைவு பெற்று, அதற்குரிய தொகையைப் பிள்ளைகள் கையிலாவது கொடுத்து வருவதே முறை. மேற்சொன்ன தந்தை கொடைக்கானல் விடுதியில் பிளக்கைத் தம் கையாலேயே சோதித்து, உரிமையாளரிடம் விலை பேசிய பின்னரே வண்டியைச் செருகவிட்டார்.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, புதிய மின்வண்டியில் நெடும்பயணம் செல்ல நினைப்போர் முந்தின இரவு குடும்பமாக அமர்ந்து இக்கணக்கைப் போடுங்கள். தூரத்திற்கு எத்தனை யூனிட், ஏற்றத்திற்கு எத்தனை, இரண்டாவது நிலையம் எங்கே என்று தாளில் எழுதுங்கள். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதியையும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும்போது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்காவது மிஞ்சவேண்டும். அந்த ஐந்தில் ஒரு பங்கு, வண்டியில் இருப்போருள் யார் மிகவும் நலிந்தவரோ அவருக்கென்று ஒதுக்கி வைத்தது. அதைச் செலவழித்து அரைமணி நேரம் முந்திச் சேரும் உரிமை ஓட்டுகிறவருக்கு இல்லை.

இளைஞர்களுக்கு வண்டியைப் பற்றி அதிகம் தெரியும். பெரியவர்களுக்கு வழியைப் பற்றி அதிகம் தெரியும். இரு சாராரும் ஒரே தாளின்மேல் குனிந்து கணக்குப் போடும் வீட்டிலிருந்து புறப்படும் வண்டியை நாம் கவலையின்றி மந்திரித்து வழியனுப்புவோம்.