கொழுப்பை எரிக்கும் பெப்டைட் பவுடர்: ஒரு சின்னக் கணக்கு



கொஞ்சக் காலமாக ஜிம்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் "பெப்டைட்" என்ற சொல் அதிகம் அடிபடுகிறது. உடற்பயிற்சிக்கு முன் இதைக் குடித்தால் கொழுப்பு வேகமாக எரியும் என்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளே "சேர், வாங்கலாமா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. என் பதில், வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பெப்டைட் என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. சங்கிலி நீண்டால் அது புரதம். நாம் சாப்பிடும் மீனும் முட்டையும் பருப்பும் செரிக்கும்போது முதலில் பெப்டைட்டாக உடைந்து, பிறகு அமினோ அமிலமாகின்றன. டப்பாவில் வரும் பெப்டைட்டுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். இன்சுலினும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட்தான். அதை ஏன் குடிக்காமல் ஊசியாகப் போடுகிறோம்? குடித்தால் வயிறு உடைத்துவிடும். சீனி வருத்தம் உள்ள வீடுகளுக்கு இது புதிய விடயமல்ல.

"செமாகுளுடைட் ஊசியில் மெலிகிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான், அதுவும் பெப்டைட் மருந்துதான். ஆனால் அது முக்கியமாகப் பசியைக் குறைத்தே எடையைக் குறைக்கிறது. நடக்கும்போது கொழுப்பைக் கூடுதலாக எரிப்பதால் அல்ல. அது டொக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்து. பவுடர் டப்பாவோடு ஒப்பிடக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தால் சுமார் 280 கலோரி செலவாகும். அதில் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது என்று வைத்தால் 140 கலோரி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக, எரிந்தது ஏறத்தாழ 15 கிராம். பவுடர் இதை 10 சதவீதம் கூட்டித் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். மேலதிகமாகக் கிடைப்பது ஒன்றரை கிராம்! அந்தக் கணக்கில் ஒரு கிலோ கொழுப்புக் குறைய 660 நாட்களுக்கு மேல் தினமும் குடிக்க வேண்டும்.

ஒரு கோப்பை பிளேன்டீயில் போடும் இரண்டு தேக்கரண்டி சீனியில் 35 கலோரி அளவில் இருக்கிறது. பவுடர் தருவதாக நாம் வைத்துக்கொண்ட லாபமோ 14 கலோரிகூட இல்லை. ஒரு கோப்பைச் சீனியை விட்டாலே பவுடரை வென்றுவிடலாம், காசும் மிச்சம். பயிற்சி நேரத்தில் எதை எரித்தோம் என்பதைவிட, முழு நாளும் எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு செலவழித்தோம் என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவும் காசு நட்டம் மட்டும்தான். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் குப்பிகளில் விற்கும் பெப்டைட்டுகளைச் சிலர் தாமே ஊசியாகப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். உதாரணமாக ஏஓடி-9604. வளர்ச்சி ஹோர்மோனின் ஒரு துண்டு இது. அவுஸ்திரேலிய நிறுவனமொன்று உடல் பருமனுக்கு இதைச் சோதித்து, எதிர்பார்த்த அளவு எடை குறையாததால் 2007இல் கைவிட்டது. அவர்கள் கைவிட்டதைத்தான் நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். குப்பிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, சுத்தமானதா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விளையாட்டில் இருக்கும் மாணவர்களே, பெற்றோர்களே, இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஏஓடி-9604 உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பரிசோதனையில் பிடிபட்டால் "தெரியாமல் எடுத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. பல வருட உழைப்பு ஒரு குப்பியில் போய்விடும்.

இன்னொன்று, கொலாஜன் பெப்டைட் மாட்டுத் தோல், எலும்பு, மீன் செதில் ஆகியவற்றிலிருந்தும் வருகிறது, பன்றித் தோலிலிருந்தும் வருகிறது. லேபலில் மூலம் எழுதப்படாத டப்பாவை வாங்கும் முன் நாம் யோசிக்க வேண்டாமா?

மெலிய விரும்புகிறவர்கள் தினமும் நடங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்கும் பயிற்சி செய்யுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீன், முட்டை, பருப்பு, கடலையைக் கூட்டுங்கள். சீனி வருத்தம், பிரஷர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் எதைத் தொடங்கும் முன்னும் டொக்டரிடம் கேளுங்கள்.

ஜிம் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் உங்களை நம்பித்தான் வருகிறார்கள். பயிற்சியைச் சொல்லிக் கொடுங்கள். குப்பியை விற்காதீர்கள்.