ஜூன் 25 யாருடைய நாள்?

நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டர் இன்று குடிசையிலும் தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் அதில் உண்டு. தலைவர்கள் பிறந்த நாளும் மறைந்த நாளும் உண்டு. ஆனால் ஜூன் 25-ஆம் தேதித் தாளை எத்தனை முறை புரட்டினாலும், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கண்ணுக்கு எதிரே நிற்கும் கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. மலைக்காரனுக்கு நடந்தது காலண்டர் போடுகிறவர்களுக்கு எட்டவில்லை போலும்!

நடந்தது இதுதான். 1976 ஜூன் 25 அன்று கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையிலிருந்து சர்க்கார் கைக்கு வந்தது. அதுவரை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள் இந்தப் பக்கத்து மலையைப் பங்குபோட்டு ஆண்டுவந்தன. விஜயநகரத்து ராயர் காலத்தில் கிடைத்த பாத்தியதை என்று சொல்லிக்கொண்டார்கள். வரி வாங்கியதும் அவர்கள், வழக்குத் தீர்த்ததும் அவர்கள். மலையில் உழைத்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லை. (மலையாளி என்றதும் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுகிற மலைமக்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தாலேயே ஜாதிச் சான்று கேட்டு அலைகிறவர்கள் உண்டு.)

சமவெளியில் 1947-ல் வெள்ளைக்காரன் போனான். 1948-ல் சென்னை மாகாண சட்டசபை ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் செய்தது. சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் மூவர்ணக் கொடி ஏறி ஏறத்தாழ 29 வருஷம் கழித்துத்தான் பக்கத்து மலையிலிருந்து ஜாகிர் இறங்கியது. கீழே நின்று பார்த்தால் தெரிகிற மலைக்குச் சட்டம் ஏறிப்போக இவ்வளவு காலமா?

இதே தேதியை டில்லிக்காரர்கள் வேறொன்றுக்காக நினைக்கிறார்கள். 1975 ஜூன் 25 இரவு, பன்னிரண்டு மணி அடிக்கச் சற்று முன்னே, ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது அவசரநிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மந்திரிசபைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் சொல்லப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. விசாரணை இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். 1977 மார்ச் 21 வரை இது நீடித்தது. அன்று இடதுசாரிகளே இரண்டு பக்கமாக நின்றார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்த வழக்கை இங்கே நடத்த நாம் வரவில்லை.

ஆனால் ஆலைத் தோழர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். அவசரநிலை என்றால் தலைவர்களைப் பிடித்துப் போட்ட கதை மட்டும் அல்ல. போராடி வாங்கிய 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸை 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் 4 சதவீதமாக வெட்டினார்கள். சிறைக்குப் போகாத தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் அவசரநிலை அப்படித்தான் நுழைந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கிற பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அவசரநிலை போன பிறகே பழைய விகிதம் திரும்பியது.

2024 ஜூலையில் மத்திய சர்க்கார் ஜூன் 25-ஐ ‘அரசியல் சாசனப் படுகொலை தினம்’ என்று அறிவித்தது. அறிவிப்பில் போனஸைப் பற்றிப் பேச்சு ஏது? தினம் அறிவித்த அதே சர்க்கார்தான் 2025 நவம்பர் 21 அன்று 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்பாக்கி அமலுக்குக் கொண்டுவந்தது. துக்கம் கொண்டாடுகிறவர்கள் எதற்குத் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது மலைக்கு வருவோம். ஜாகிர் போன நாள் 1976 ஜூன் 25. அதாவது, அவசரநிலைக்கு ஒரு வயது நிறைந்த அதே நாள்! தமிழ்நாட்டில் அப்போது தேர்ந்தெடுத்த மந்திரிசபையும் கிடையாது. ஜனவரி 31-ஆம் தேதியே அதைக் கலைத்துவிட்டு ஜனாதிபதி ஆட்சி நடத்தினார்கள். ஊருக்கெல்லாம் வாய்ப்பூட்டு போட்ட நாளும், மலைக்கு விலங்கு ஒன்று கழன்ற நாளும் ஒரே தேதித் தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன.

இதைக் காட்டிச் சிலர், “பார்த்தீர்களா, அவசரநிலையில் நல்லதும் நடந்தது” என்பார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1948-லேயே செய்திருக்க வேண்டியதை 1976-ல் செய்தவனுக்கு நன்றிக்கடன் ஏதும் இல்லை. வாங்கிய கடனை 28 வருஷம் கழித்துத் திருப்புகிறவனைத் தருமப்பிரபு என்று யாராவது சொல்வார்களா? அதே சமயம், இது கறுப்பு நாள் என்று மலைக்காரனிடம் போய்ச் சொல்ல நமக்கு வாய் வராது. ஜாகிர்தார் வாசலில் கைகட்டி நின்றவனுக்கு அந்தத் தேதி கறுப்பு அல்ல. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தத் தேதிக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் கடல் கடந்தும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டை ஏறத்தாழ ஐந்நூறு வருஷம் போர்த்துகீசியர் அழுத்தி வைத்திருந்தார்கள். 1962 ஜூன் 25 அன்று தாருஸ்ஸலாம் நகரில் கூடிய மொசாம்பிக் தேசபக்தர்கள் ‘பிரெலிமோ’ என்ற விடுதலை முன்னணியை அமைத்தார்கள். 1964-ல் ஆயுதம் எடுத்தார்கள். வெற்றி பெற்றதும் சுதந்திர தினத்துக்குத் தேதி தேட வேண்டியிருக்கவில்லை. முன்னணி பிறந்த ஜூன் 25-ஐயே வைத்துக்கொண்டார்கள். 1975 ஜூன் 25 பிறந்த நள்ளிரவில் சமோரா மாஷேல் தலைமையில் அங்கே சுதந்திரம் பிரகடனமாயிற்று. அந்த நாள் முடிகிற நள்ளிரவை ஒட்டி டில்லியில் நம் சுதந்திரத்தைப் பறிக்கும் கையெழுத்து விழுந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு பிரகடனங்கள்!

வி.பி.சிங் பிறந்ததும் இதே ஜூன் 25-தான், வருஷம் 1931. மாண்டா ராஜாவுக்குத் தத்துப் போனவர், பூதானத்தில் நிலம் கொடுத்தவர், பிரதமராக இருந்து 1990-ல் மண்டல் சிபாரிசை அமலாக்கப் புறப்பட்டவர். ராஜா வீட்டிலிருந்து நிலம் இறங்கிவந்த கதை அபூர்வம் என்பதால் இதைக் குறிக்கிறோம். வேறு விசேஷம் தேட வேண்டாம்.

நம் மலைக்கு மிகவும் ஒட்டிய கதை அமெரிக்காவில் இருக்கிறது. அது 1876 ஜூன் 25. நம் ஜாகிர் போனதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால்!

அங்கே லகோட்டா என்ற ஆதிகுடி மக்களுக்குக் ‘கறுப்பு மலை’ என்ற மலைத்தொடர் தாய் வீடு. 1868-ல் அமெரிக்க சர்க்கார் ஒப்பந்தம் எழுதி, அந்த மலை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டது. 1874-ல் கஸ்டர் என்ற தளபதி படையோடு உள்ளே போய்த் தங்கம் இருப்பதைக் கண்டு சொன்னான். அவ்வளவுதான், ஒப்பந்தம் காற்றில் பறந்தது. மலையை விலைக்குக் கேட்டார்கள். மக்கள் விற்க மறுத்தார்கள். படை வந்தது. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் என்ற ஆற்றங்கரையில் லகோட்டா மக்களும் செயேன் மக்களும் ஒன்றுகூடி நின்று கஸ்டரையும் இருநூறுக்கு மேற்பட்ட குதிரைப் படையினரையும் வீழ்த்தினார்கள். அமெரிக்கா தன் நூறாவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கையில் இந்தச் செய்தி நகரங்களில் போய் விழுந்தது.

வெற்றிதான். ஆனால் மலை தங்கியதா? இல்லை. மறு வருஷமே, 1877-ல், சட்டம் ஒன்று செய்து கறுப்பு மலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நூற்றுமூன்று வருஷம் கழித்து, 1980-ல், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொல்லிப் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பணத்தைத் தொடவில்லை. மலையைக் கொடு என்றார்கள். வட்டியோடு அந்தப் பணம் நூறு கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. ஏழைகள்தான், ஆனாலும் கை நீட்டவில்லை.

கல்வராயனிலும் நாளுக்கு மறுநாள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. ஜாகிர்தார் எழுந்த இடத்தில் உழுகிறவன் உட்காரவில்லை. வனத்துறை வந்து உட்கார்ந்தது. மலையில் நிலம் இரண்டு வகை. ஏர் பூட்டி உழுவது உழவுகாடு. ஏர் நிற்காத சரிவில் கொத்தால் கொத்திச் சாமை விதைப்பது கொத்துக்காடு. நம் பக்கத்தில் காடு என்றால் புன்செய் என்றும் பொருள். கிழவியைக் கேட்டாலும் சொல்லுவாள். வனத்துறைக்காரர் ‘கொத்து’ என்பதை விட்டுவிட்டுக் ‘காடு’ என்பதை மட்டும் படித்தார்! தலைமுறையாக விதைத்தவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். கரும்பு வெட்டக் கீழே இறங்கினான், கேரளத்துக்குக் கூலிக்குப் போனான், செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துப்போகிற தரகனின் பேச்சில் விழுந்தான். அந்த வேலையின் முடிவு என்ன என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு விழுந்த 20 தமிழ்நாட்டுக் கூலிகளின் உடல்கள் காட்டின.

மலைமக்கள் 1996-ல்தான் ஓட்டுரிமை பெற்றார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. எப்போது சொல்லப்பட்டது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்ட பிறகு! செத்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். உடனே எல்லோரும் மலையைக் கை காட்டினார்கள்: அங்கேதான் காய்ச்சுகிறான் என்று. கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது மரப்பட்டை ஊறலில் கிடைக்கிற சரக்கு அல்ல. ரசாயன ஆலையில் தயாராகி லாரியில் வருகிற சரக்கு என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, மலையில் சாலை உண்டா, பள்ளி உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டது. முதலமைச்சர் மலைக்குப் போய்ப் பார்க்கலாமே என்றும் சொன்னது. ஜாகிர் ஒழிந்து 48 வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது?

பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கேயும் மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து புகுந்து ஊரைச் சூறையாடி, 18 பெண்களைச் சீரழித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் விடாமல் நடத்திய வழக்கில் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளியது 2023-ல். தேதி அதே செப்டம்பர் 29! அந்தப் பன்னிரண்டு வருஷமும், அதற்கு முந்திய பத்தொன்பது வருஷமும், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கூண்டில் ஏறி நடந்ததை மாறாமல் சொன்னார்கள். ஆயிரம் காகிதத்தை அந்த வாய்ச்சொல் தோற்கடித்தது.

அதனால்தான் மலைத் தோழர்களுக்கு இன்னொரு தேதியைச் சொல்லுகிறோம்: 2005 டிசம்பர் 13. வன உரிமைச் சட்டம் குறித்து வைத்திருக்கிற தேதி அது. அன்றைக்கு முன்னிருந்தே காட்டு நிலத்தில் பயிர் வைத்துவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, கையில் உள்ள அளவுக்கு, நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. சட்டம் 2006-ல் நிறைவேறியது. தமிழ்நாட்டில் கோர்ட்டுத் தடையால் 2016 வரை உரிமைப் பத்திரம் கொடுக்க முடியாமல் கிடந்தது. தடை போய்விட்டது. மனுவை வாங்கி முதலில் விசாரிக்க வேண்டியது வனத்துறை அல்ல, கிராம சபை.

சான்றுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். சர்க்கார் தாள் இல்லையென்றால் மனு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலத்தைத் திருத்திய அடையாளம், கிணறு, சுடுகாடு, கோயிலிடம் எல்லாம் சான்று என்று விதி சொல்கிறது. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஆனால் சொல்கிறவர் அந்த மனுவைப் போட்டவராக இருக்கக் கூடாது. ஒரே ஒரு சான்றும் போதாது. ஒன்றுக்கு மேல் வேண்டும்.

1976-ல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. ஜாகிர் போன சேதி எப்படி வந்தது, தகப்பன் எந்தச் சரிவில் சாமை விதைத்தான், பாட்டனை எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வெள்ளிமலையைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர், ஊர், நிலத்தின் நான்கு எல்லை, விதைத்த பயிர் எல்லாம் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக் கிராம சபையில் வைக்க வேண்டும். கீழே உள்ள ஆலைச் சங்கங்களில் எழுதத் தெரிந்த தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போனால், ஒரு நாளில் பத்துப் பேருடைய வாக்குமூலம் எழுதிவிடலாம்.