தொலைபேசி எண்ணும் கடையின் மூலதனமே!



முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் வீட்டு வசதி வாரியத்தின் மனைகளில் குடியேறி, கீழே கடையும் மேலே வீடுமாகத் தொழில் தொடங்கிய நம்மவர்கள் பலருக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. தொலைபேசிக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தோம். போன் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தவர்களும் உண்டு. அந்த எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதினோம்; பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் அச்சிட்டோம். பிற்பாடு முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டு இலக்கமானது. இன்று ஆளுக்கொரு செல்போன் இருந்தாலும், பழைய சரக்கு வியாபாரியும், தொழிற்பேட்டை கேன்டீன்காரரும், நாலு தெரு தள்ளியிருக்கும் வாடிக்கையாளர் அம்மாவும் அந்த எண்ணுக்குத்தான் பேசுகிறார்கள். அது வெறும் எண் அல்ல. நாம் சம்பாதித்த நல்ல பெயரின் முகவரி.

இப்போது செம்புக் கம்பிக்கு மூப்பு வந்துவிட்டது. ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக்கு மாறச் சொல்கிறார்கள். "மாறலாமா, வேண்டாமா?" என்று உறுப்பினர்கள் பலர் என்னைக் கேட்கிறார்கள். என் கருத்து இதுதான்: மாறுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாறாதீர்கள்.

செம்புக் கம்பியின் குறைகள் நாம் அறியாதவை அல்ல. ஒரு மழை பெய்தால் இணைப்புப் பெட்டியில் நீர் இறங்கிக் கொரகொரவென்று சத்தம். மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டினால் கேபிள் துண்டாகும். செம்புக்கு விலை இருப்பதால் திருட்டு வேறு. ஃபைபரில் பேச்சும் தெளிவு. இணையமும் அதிலேயே வருகிறது. கல்லாவில் கார்டு மெஷினும் தடையின்றி ஓடுகிறது. இவை நன்மைகளே.

ஆனால் ஒரு சுமை சத்தமில்லாமல் நம் தலைக்கு மாறியிருக்கிறது. பழைய போனுக்கு மின்சாரம் நம் வீட்டிலிருந்து போகவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. அங்கே வரிசையாக பேட்டரிகளும், அவற்றுக்குத் துணையாக ஜெனரேட்டரும் இருக்கும். அதனால்தான் ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. கண்ணாடி இழையில் வருவது ஒளி. அது மின்சாரத்தைக் கொண்டு வராது. அந்த ஒளியைப் பேச்சாக மாற்றுவது நம் வீட்டுச் சுவரில் உள்ள மோடம். அதற்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் மோடம் அணையும், போனும் ஊமையாகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஃபைபர் வந்த சில வாரங்களில் ஒரு மாலை மின்தடை. நான் கீழே கடையில் சரக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மேலே அம்மா தனியாக இருந்தார், வயது எண்பதைத் தாண்டியவர், செல்போன் பழக்கமில்லை. தலைசுற்றல் வந்து போனை எடுத்திருக்கிறார்; சத்தமே இல்லை. கையில் இருந்த டம்ளரால் மாடிப்படிக் கம்பியைத் தட்டியிருக்கிறார். கடைப் பையன் காதில் விழுந்ததால் ஓடினோம். தெய்வாதீனமாகப் பெரிய தீங்கில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் மோடத்தைச் சொருகிய பிளக்குக்கு அதன் இணைப்பு இல்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மின்தடை நமக்குப் புதிதா? 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என மூன்று முறையும் சென்னையில் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. 2015-இல் செம்புக் கம்பிப் போன் வேலை செய்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் வந்து வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல் சொன்னதைப் பலரும் நினைவுகூருவார்கள். அடுத்த மழைக்கு அந்த உதவி வேண்டுமானால் ஏற்பாட்டை நாமே செய்தாக வேண்டும்.

செலவு பெரிதல்ல. மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால், அது இழுப்பது அதிகபட்சம் 12 வாட். இரவும் பகலும் ஓடினாலும் நாளொன்றுக்கு 288 வாட்-மணிதான். 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரியில் இது சுமார் ஆறில் ஒரு பங்கு. ஆகவே இன்வெர்ட்டர் உள்ளவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பிளக்கை அதில் சேர்த்தால் போதும். இல்லாதவர்கள் மோடத்துக்கென்றே விற்கும் சிறிய டி.சி. யு.பி.எஸ். வாங்கலாம், ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். வோல்ட்டும் பின்னும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயர். முன்பு மேலே வீட்டிலும் கீழே கடையிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். புதிய இணைப்பில் ஒரு போனை மட்டும் மோடத்தில் சொருகிவிட்டுப் போவதால் மற்றவை செத்துவிடுகின்றன. பழைய ஒயரைப் பிடுங்கி எறிய வேண்டாம். வெளியிலிருந்து வரும் கம்பியின் இரு முனைகளையும் பெட்டியில் முழுவதுமாகக் கழற்றிவிட்டு, மோடத்தின் போன் துளையிலிருந்து வீட்டு ஒயருக்கு இணைப்புக் கொடுத்தால் எல்லாப் போன்களும் மீண்டும் பேசும். வெளிக்கம்பியைக் கழற்றாமல் இணைப்பது கூடாது. எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் பாய்ந்து மோடம் பழுதாகலாம். தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். இரண்டு மூன்று போன்களுக்கு மேல் மாட்டினால் மணி சரியாக அடிக்காமல் போகலாம். சுழற்றும் டயல் போனைச் சில மோடம்கள் ஏற்பதில்லை. அதில் அழைப்பு வரும், நம்மால் அழைக்க முடியாது.

மூன்றாவது, எண். செல்போன் எண்ணை 2011 முதல் நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டு போகிறோம் அல்லவா? அந்த நினைப்பில் லேண்ட்லைனை அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். அதே எண் கிடைக்குமா என்று முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். அந்த எண் புதிய இணைப்பில் மணியடிக்கும் வரை பழையதை ஒப்படைக்கும் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். இருபது ஆண்டு வாடிக்கையாளர், "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று கேட்டால் கடையை மூடிவிட்டதாகத்தான் நினைப்பார்.

எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தலையிலேயே கட்டுவது முறையா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பிரிட்டனில் லேண்ட்லைனையே நம்பி இருப்பவர்களுக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வகுத்தது. முதியோரின் அவசர உதவிக் கருவிகள் செயலிழந்த சம்பவங்களுக்குப் பின், பழைய இணைப்புகளை முற்றிலும் நிறுத்தும் நாளை 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். அமெரிக்காவில் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளர் கேட்டால் விற்க வேண்டும் என்று 2015-இல் விதித்து, பின் அதை 24 மணி நேரமாக்கினார்கள். பணக்கார நாடுகளே யோசித்துச் செய்யும் காரியத்தில், புயல் அடிக்கும் ஊரில் இருக்கும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

ஆகவே நம் சங்கம் இப்பகுதியில் ஃபைபர் தரும் எல்லா நிறுவனங்களுக்கும் மூன்று கோரிக்கைகளை எழுத்து மூலம் அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன். இணைப்பு கொடுக்கும் முன்பே, மின்சாரம் போனால் போன் வேலை செய்யாது என்று தமிழில் எழுதித் தர வேண்டும். முதியோர் உள்ள வீடுகளுக்கு மோடத்துடன் பேட்டரியும் தர வேண்டும். தெருவில் மின்சாரம் தேவைப்படும் கருவி ஏதேனும் இருந்தால், அதற்கும் பேட்டரி உண்டா என்று சொல்ல வேண்டும்.

அதுவரை ஒரு சோதனையை இன்றிரவே செய்து பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வையுங்கள். டோன் கேட்டால் நிம்மதியாக உறங்குங்கள். கேட்காவிட்டால் நாளை காலை முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைக்காலம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.