சக்குபந்தியில் ஒரு தாங்கல்



சொந்த வீடு வாங்கிய எல்லோரிடமும் ஒரு கோப்பு இருக்கும். பீரோ லாக்கரில், பிளாஸ்டிக் உறைக்குள், பட்டா நகல், வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பேறிய தாய்ப்பத்திரத்தின் நகல். வங்கிக் கடனுக்காக வக்கீல் ஒருமுறை அதை வரிவரியாகப் படித்திருப்பார். நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முழுவதும் வேண்டாம். சொத்து விவரமும், நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியும் போதும். புதிய பத்திரத்தில் வடக்கே இத்தனையாம் எண் மனை, தெற்கே 20 அடி ரோடு என்றிருக்கும். அதற்கு முந்தைய பத்திரத்துக்குப் போங்கள்; அதற்கும் முந்தையதற்குப் போங்கள். மனை எண்கள் மறைந்து சர்வே எண்கள் மட்டும் நிற்கும். எல்லையில் வாய்க்கால் வரும், வண்டிப்பாதை வரும், இன்னொருவருடைய நஞ்சை வரும், ஏரிக்கரையோ களமோ வரும். பத்திரம் எழுதியவர் வரலாறு எழுத நினைக்கவில்லை. பின்னால் எல்லைத் தகராறு வரக்கூடாதே என்று எழுதினார். ஆனாலும் நாம் படுத்துறங்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் ஊரான ஐயப்பன்தாங்கல் என்றால் பலருக்கும் பஸ் டெப்போதான் நினைவுக்கு வரும். இப்போது மவுண்ட் - பூந்தமல்லி சாலையின் மெட்ரோ தூண்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் பெயரைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைநீரைத் தாங்கி வைத்து வயலுக்குக் கொடுப்பது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அந்த வகைப் பெயர்களே. நம் ஊரின் முதல் ஆவணம் அதன் பெயர்தான்.

மேற்கே செம்பரம்பாக்கம், கிழக்கே போரூர் ஏரி, நடுவே தாங்கல்களும் கால்வாய்களும் என்று நீரால் பின்னப்பட்ட நிலம் இது. தெற்கே குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பூந்தமல்லி, வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பிகளின் ஊர். பெரிய ஊர்களுக்குத் தலபுராணம் உண்டு, கல்வெட்டு உண்டு. நடுவில் இருக்கும் சின்ன ஊருக்கு என்ன உண்டு என்று கேட்டால், கணக்கு உண்டு. ஊர்க் கணக்கு.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வரி வசூலிக்கும் உரிமையோடு, ஜாகீராகக் கொடுத்தார். என்ன வரி கிடைக்கும் என்று தெரியவேண்டுமே! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அந்த ஜாகீரை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கு திரட்டப்பட்டது. ஊருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, எந்தத் தொழில் செய்பவர்களுக்கு எத்தனை வீடு, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் விளைச்சலில் என்ன பங்கு என்பதெல்லாம் அதில் உண்டு. கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள் இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கம்பெனியின் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வரலாற்றறிஞர் தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. வரி வாங்குவதற்காக எடுத்த கணக்கு, 250 ஆண்டு கழித்து, ஒரு சாதாரண ஊர் எப்படிப் பிழைத்தது என்று சொல்லும் நூலாகிவிட்டது.

ஆக, ஆவணம் இல்லாமலில்லை, சிதறிக் கிடக்கிறது. தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன். மாவட்டப் பெயர் நம்மைச் சுற்றவிடும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. ஒரே சாலையில் அடுத்தடுத்து இருந்தும் ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரத்துக்கும் பூந்தமல்லி திருவள்ளூருக்கும் போயின. 2019இல் புதிதாக உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டுமே இல்லை. ஆனால் பழைய காகிதங்களில் நாமெல்லோரும் செங்கல்பட்டுதான். குரோல் என்பவர் தொகுத்து 1879இல் வெளிவந்த மாவட்டக் கையேட்டைத் தேடினாலும் அந்தப் பெயரில்தான் தேடவேண்டும். 1951 முதல் ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வந்த மாவட்டக் கையேடுகளிலும் 1991 வரை அப்படித்தான்.

இவற்றின் நகல்களெல்லாம் ஒரே இடத்தில், நாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் எப்படி இருக்கும்! அதற்கான இடம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதுதான் கிளை நூலகம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்திய கனவு அது. அந்தச் சட்டத்தால்தான் இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நாளிதழ் படிக்கப் போகாதவரும், உறுப்பினர் அட்டை வாங்காதவரும், வீடு இருந்தால் அந்த நூலகத்துக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நம் காசில் நடக்கும் நூலகத்தில் நம் ஊருக்கென்று ஓர் அலமாரி கேட்பது பேராசை ஆகாது.

ஒரு தனிமனிதர் எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சாட்சி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பழைய புத்தகங்களோடு நிற்காமல், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் வரை சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கியது. அந்த நூலகம் முதலில் இயங்கிய இடம், இதோ நமக்குப் பக்கத்திலிருக்கும் முகப்பேர். இப்போது தரமணியில் இருக்கிறது. ஒரு முறை போய் வாருங்கள்.

காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைகளும் அவற்றோடு போயின. நம் ஊர்க் காகிதங்களை எரிக்க யாரும் வரவேண்டியதில்லை. கரையான் போதும், வீடு மாற்றும் நாளில் வரும் பழைய பேப்பர்க்காரர் போதும்.

பழமை பேசி மகிழ்வதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, நம் பக்கத்துப் பகுதிகள் பலவற்றில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நின்றது. தண்ணீருக்குப் பட்டா தெரியாது, பழைய வழி மட்டும்தான் தெரியும். அந்த வழி எதுவென்று பழைய புலப்படத்திலும் தாய்ப்பத்திரத்துச் சக்குபந்தியிலும் எழுதியிருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதைப் படித்து வைத்துக்கொள்வது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் உங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு முறை போங்கள். நூலகரிடம் ஊர் அலமாரியைப் பற்றிப் பேசுங்கள். கையில் ஏதாவது ஒன்றின் நகல் இருக்கட்டும்: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு விழா மலர், வயலுக்கு முன் தாத்தா நிற்கும் புகைப்படம், பெயரும் எண்ணும் மறைத்த பழைய பத்திரத்தின் ஒரே ஒரு பக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தாங்கல் எதுவரை இருந்தது, எந்த மாதம் நிரம்பும் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, தேதி போட்டுக் கொடுத்தாலும் அது ஆவணம்தான்.

இன்னொரு பிரதியை நம் இதழுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு இதழிலும் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் வீட்டுத் தாய்ப்பத்திரத்தின் சக்குபந்தி வரும். பக்கத்தில் உங்களுடையதையும் வைத்தால், ஒருவருடைய வடக்கு எல்லை இன்னொருவருடைய தெற்கு எல்லையோடு பொருந்தும். அப்படியே மனை மனையாக, வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்த்துக்கொண்டே போனால் நம் தாங்கலின் கரை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்